மூன்றாம் நாளும் தங்கும் தீர்க்கதரிசி: கள்ளப் போதகரை ஆதித் திருச்சபை இனங்கண்ட விதம்

இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொண்ட பொருள், கிறிஸ்தவ விசுவாசத்தில் கள்ளப் போதகரை இனங்காண்பதும் அவரிடமிருந்து சபை தன்னைக் காத்துக்கொள்வதும் ஆகும். பொருள் புதியதன்று. திருச்சபை தோன்றி ஒரு தலைமுறை முடிவதற்குள் எழுந்துவிட்ட கேள்வி இது. அதற்கு முதல் இரண்டு நூற்றாண்டுகளின் விசுவாசிகள் கண்ட விடைகள், பின்னர் வந்த பெரிய இறையியல் நூல்கள் பலவற்றைக் காட்டிலும் எளிமையானவை, நேரடியானவை, இன்றும் கையில் எடுத்துப் பயன்படுத்தத்தக்கவை.

கள்ளப் போதகர் என்பவர் யார்? திருச்சபைக்கு வெளியே நின்று கிறிஸ்துவை மறுப்பவரா? அவரை எதிராளி என்று எவரும் எளிதில் கண்டுகொள்வர். அவரால் சபை கலங்கலாம், ஏமாறுவதில்லை. கள்ளப் போதகரோ சபையின் உள்ளே நின்று, கிறிஸ்துவின் பெயராலேயே பேசி, வேத வசனங்களையே எடுத்தாண்டு, ஜெபத்திலும் பாட்டிலும் மற்றவரை மிஞ்சி நின்று, கேட்பவரைச் சிறிது சிறிதாகத் தம் பக்கம் கட்டிப்போடுபவர். மலைப்பிரசங்கத்தின் இறுதிப் பகுதியில், மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில், ஆட்டுத்தோல் போர்த்த ஓநாயைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கையின் கூர்மை ஓநாயின் பல்லில் இல்லை, தோலில் இருக்கிறது. தோல் உண்மையான ஆட்டுத்தோல்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தவறிப்போன போதகர் எல்லாரும் கள்ளப் போதகர் ஆகார். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த வில்லியம் மில்லர் என்னும் விவசாயி, பாப்திஸ்து பிரசங்கியார், தானியேல் புத்தகத்தில் வரும் எண்களை வைத்துக் கணக்கிட்டு, 1843 மார்ச்சுக்கும் 1844 மார்ச்சுக்கும் இடையில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தார். காலக்கெடு கடந்தது, அவருடைய இயக்கத்தார் 1844 அக்டோபர் 22 என்று இன்னொரு நாளைக் குறித்தனர், அந்த நாளும் வழக்கம்போல விடிந்து முடிந்தது. மில்லர் தம் கணக்குப் பிழைத்துப்போனதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பலருடைய வாழ்வு அந்தக் கணக்கால் குலைந்தது உண்மை. ஆயினும் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரலாறு இடம் கொடுக்கவில்லை. பிழை செய்தவரையும் வஞ்சிப்பவரையும் ஒரே தராசில் நிறுக்கும் சபை, வஞ்சகரைப் பிடிக்கும் ஆர்வத்தில் நேர்மையானவரை நசுக்கிவிடும்.

இனிப் பழைய ஏற்பாட்டுக்கு வருவோம். சிதேக்கியா ராஜாவின் நான்காம் ஆண்டில், ஐந்தாம் மாதத்தில், எருசலேம் ஆலயத்தில், ஆசாரியர்களும் மக்களும் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு தீர்க்கதரிசிகள் நேருக்கு நேர் நின்றதை எரேமியாவின் புத்தகம் 28-ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. ஒருவர் எரேமியா; பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் மர நுகத்தைச் சுமந்துகொண்டிருந்தவர். மற்றவர் அனனியா, இரண்டே ஆண்டுகளில் ஆலயத்தின் பணிமுட்டுகளும் சிறைப்பட்டுப் போன அரசனும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தரின் பெயரால் சொன்னவர். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி எல்லாருக்கும் முன்பாக உடைத்தார். கூட்டம் யார் பக்கம் சாய்ந்திருக்கும் என்று கேட்கவும் வேண்டுமா? எரேமியா அப்படியே ஆகட்டும் என்று முதலில் வாழ்த்தினார். சொன்னது நிறைவேறும்போது தீர்க்கதரிசி எவர் என்பது தெரியும் என்று நினைவூட்டினார். நுகம் உடைக்கப்பட்டபோது பதில் பேசாமல் அங்கிருந்து போய்விட்டார். பிறகே மறுப்பு வந்தது. அதே ஆண்டு ஏழாம் மாதத்தில் அனனியா இறந்தார். எருசலேமும் விழுந்தது.

இந்தக் காட்சியில் அனனியாவின் இறையியலில் வெளிப்படையான கோணல் ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் வேறு தெய்வத்தை வணங்கச் சொல்லவில்லை, நியாயப்பிரமாணத்தை மறுக்கவில்லை. மக்கள் கேட்க விரும்பியதைக் கர்த்தர் சொன்னதாகச் சொன்னார், அவ்வளவே. உபாகமம் 18-ஆம் அதிகாரம் சொன்னது நடக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அதே நூலின் 13-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே சென்று, அடையாளமும் அற்புதமும் சொன்னபடியே நடந்தாலும், அவற்றைச் செய்தவர் வேறு தெய்வங்களிடம் இழுப்பாரானால் செவிகொடுக்கக் கூடாது என்கிறது. அற்புதம் நடந்துவிட்டது, ஆகவே ஆள் தேவனால் வந்தவர் என்று முடிவு கட்டும் வழக்கம் எவ்வளவு பரவலானது! அந்த வழக்கத்தின் வேரையே இந்தப் பழைய சட்டம் வெட்டிவிடுகிறது.

புதிய ஏற்பாட்டில் பவுல், மிலேத்து துறைமுகத்தில் எபேசு சபையின் மூப்பர்களுக்கு விடை கொடுக்கும்போது, வெளியிலிருந்து வரும் ஓநாய்களைப் பற்றி மட்டும் எச்சரித்து நிறுத்தவில்லை. அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் அதே மூப்பர்களின் நடுவிலிருந்தே சீடர்களைத் தம் பின்னால் இழுப்பவர்கள் எழும்புவார்கள் என்றும் சொல்கிறார். எபேசு அந்தச் சொல்லை மறக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரம், தங்களை அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டவர்களைச் சோதித்துப் பொய்யர் என்று கண்டறிந்ததற்காக அந்தச் சபையைப் பாராட்டுகிறது. பாராட்டிய கையோடு, ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டாய் என்று கண்டிக்கவும் செய்கிறது. காவலில் தேறிய சபை அன்பில் குன்றிப்போயிற்று. காவலைப் பற்றிப் பேசும் எவரும் எபேசுவின் இந்த இரண்டாம் பாதியைப் பேசாமல் விடுவது நியாயமன்று.

சரி, சோதித்தார்கள் என்றால் எப்படிச் சோதித்தார்கள்? எதை வைத்து அளந்தார்கள்? இந்தக் கேள்விக்கு நேரடியான விடை தரும் ஒரு சிறு நூல் பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் கிடந்தது. 1873-ஆம் ஆண்டில், கான்ஸ்டாண்டினோப்பிளில் இருந்த ஒரு மடத்து நூலகத்தில், பிலோத்தெயோஸ் பிரியெனியோஸ் என்னும் கிரேக்கப் பேராயர், 1056-ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடியில் அதைக் கண்டெடுத்தார், 1883-இல் பதிப்பித்தார். பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்னும் பெயருடைய அந்த நூலைக் கிரேக்கப் பெயரால் திதாக்கே என்று வழங்குவர். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்ததாகப் பெரும்பாலான அறிஞர் கருதும் இந்நூலில் பதினாறு சிறிய அதிகாரங்கள் உள்ளன. ஞானஸ்நானம், உபவாசம், திருவிருந்து ஆகியவற்றுக்கான ஒழுங்குகளைச் சொல்லிவிட்டு, 11-ஆம் அதிகாரத்திலிருந்து அது ஊர் ஊராகச் சுற்றி வரும் போதகரின் பக்கம் திரும்புகிறது.

அந்தக் காலத்தின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். சபைகள் வீடுகளில் கூடின. எழுதப்பட்ட சுவிசேஷங்கள் எல்லா ஊர்களுக்கும் சென்று சேரவில்லை. புதிய ஏற்பாட்டு நூல்களின் பட்டியல் இன்னும் வகுக்கப்படவில்லை. பிஷப் என்னும் ஒற்றைத் தலைமை பல ஊர்களில் உருவாகவில்லை. மாலை வேளையில் புழுதி படிந்த காலோடு ஒருவர் வந்து கதவைத் தட்டி, கர்த்தர் தம்மை அனுப்பினார் என்கிறார். அவரை யார் என்று விசாரிக்க ஓலை இல்லை, ஆள் இல்லை. அவர் பவுலைப் போன்ற ஊழியராகவும் இருக்கலாம். ஏழை விசுவாசிகளின் அடுப்பில் உலை வைத்துப் பிழைக்கும் எத்தராகவும் இருக்கலாம். வீட்டுக்காரர் என்ன செய்வார்?

திதாக்கே சொல்லும் முதல் விதி வரவேற்பது. சுற்றிவரும் அப்போஸ்தலரைக் கர்த்தரையே ஏற்பதுபோல் ஏற்றுக்கொள்ள வேண்டும். சந்தேகத்தில் தொடங்கச் சொல்லவில்லை. இரண்டாம் விதி நாட்கணக்கு: அவர் ஒரு நாள் தங்கலாம், தேவை இருந்தால் மறுநாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. மூன்றாம் விதி பயணச் சாப்பாடு: புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் தேவையான அப்பத்தை வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. நான்காவது விதி வாசிப்பவரைப் புன்னகைக்க வைக்கும்: ஆவியில் நிறைந்தவராகப் பேசும்போது விருந்து ஒன்றை ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு, அந்தப் பந்தியில் தாமே உட்கார்ந்து சாப்பிட்டால் அவர் உண்மையானவர் அல்லர். இப்படி ஒரு விதி எழுத வேண்டி வந்தது என்றால், அப்படி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் சிலராவது இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்த விதிகளை எழுதியவர்களின் நிதானம் வியக்கத்தக்கது. ஆவியின் ஏவுதலால் வரும் பேச்சைப் பேசிக்கொண்டிருக்கும்போதே சோதிக்கவும் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம் என்று அதே அதிகாரம் தடுக்கிறது. ஆவியில் பேசுகிறவர் எல்லாரும் தீர்க்கதரிசி அல்லர், கர்த்தருடைய நடத்தை அவரிடம் இருந்தாலே தீர்க்கதரிசி என்று அடுத்த வரியில் சொல்கிறது. பேச்சு கேட்டவரின் உள்ளத்தை உலுக்கியதா, குரலில் வல்லமை இருந்ததா, கண்ணீர் வந்ததா என்று அது கேட்கவே இல்லை. எத்தனை நாள் தங்கினார், எதைக் கேட்டு வாங்கினார், சமைக்கச் சொன்னதை யார் சாப்பிட்டது, போதித்ததைச் செய்தாரா என்றே கேட்கிறது. இவை எல்லாம் எழுத்தறியாத விதவையும் பார்த்துச் சொல்லக்கூடிய காரியங்கள். ஆவிகளைப் பகுத்தறியும் பொறுப்பை அறிஞர் சிலரிடம் ஒப்படைக்காமல், கதவைத் திறந்துவிட்டு அடுப்பை மூட்டியவர்களிடமே இந்நூல் கொடுத்திருக்கிறது. திதாக்கேயின் பெருமை இங்கேதான் இருக்கிறது.

பணத்தைப் பற்றிய விதியில் ஒரு நுட்பம் உண்டு. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எனக்குப் பணம் கொடுங்கள் என்பவருக்குச் செவிகொடுக்க வேண்டாம். ஆனால் இல்லாமையில் வாடும் பிறருக்காகக் கொடுக்கச் சொன்னால் அவரை யாரும் குறைகூற வேண்டாம். காணிக்கை என்பதையே குற்றமாக்கவில்லை. உண்மையான தீர்க்கதரிசி ஒருவர் அந்த ஊரிலேயே குடியேற விரும்பினால், முதல் விளைச்சலில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்கவும், தீர்க்கதரிசி எவரும் இல்லையென்றால் அதை ஏழைகளுக்குக் கொடுக்கவும் 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. சாதாரணப் பயணி தங்க விரும்பினால், தொழில் தெரிந்தவரானால் உழைத்துச் சாப்பிடட்டும். அதற்கு உடன்படாதவர் கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்கிறவர் என்று 12-ஆம் அதிகாரம் முடிவு செய்கிறது.

இந்த எச்சரிக்கைகள் கற்பனைப் பயமா? சபைக்குச் சற்றும் உறவில்லாத ஒருவரின் சாட்சியம் இதற்குக் கிடைத்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சமோசாத்தா ஊரினரான லூசியன் என்னும் கிரேக்க அங்கத எழுத்தாளர், பெரெகிரினுஸ் என்பவரின் வாழ்வையும் சாவையும் கேலியோடு எழுதி வைத்திருக்கிறார். ஹெலஸ்பாண்ட் கரையிலிருந்த பாரியம் என்னும் ஊரைச் சேர்ந்த இந்தப் பெரெகிரினுஸ், பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவரோடு சேர்ந்து, விரைவிலேயே அவர்களுக்குத் தீர்க்கதரிசியாகவும் தலைவராகவும் ஆனார்; அவர்களுடைய நூல்களுக்கு விளக்கம் சொன்னார், தாமும் பலவற்றை எழுதினார். விசுவாசத்தின் பொருட்டு அவர் சிறையில் அடைக்கப்பட்டபோது, வயதான விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் விடியற்காலையிலேயே சிறை வாசலில் காத்துக் கிடந்தனர். சபைப் பெரியவர்கள் காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து உள்ளே அவரோடு இரவு தங்கினர். வகைவகையான உணவு போயிற்று. ஆசியாவின் பட்டணங்களிலிருந்து சபைகளின் செலவில் ஆட்கள் வந்தனர். பணமும் குவிந்தது.

லூசியன் இதிலிருந்து பெறும் முடிவு கிறிஸ்தவரை எளிய மனத்தார் என்று சிரிப்பதாகும். தந்திரம் தெரிந்த எவனும் அவர்களிடையே புகுந்து குறுகிய காலத்தில் செல்வனாகிவிடலாம் என்கிறார். அவருடைய கேலியில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆயினும் அவர் பழிக்க வந்த இடத்தில் அவரை அறியாமலே ஒரு புகழ்ச்சி விழுந்துவிடுகிறது: சிறைப்பட்டவரை இவ்வளவு அன்போடு தாங்கிய ஒரு கூட்டத்தை அவர் வேறெங்கே கண்டார்? சபையின் மிக நல்ல குணமாகிய தாராளம்தான் வஞ்சகருக்கு வாசலாகவும் இருந்தது. பின்னர் பெரெகிரினுஸ் விலக்கப்பட்ட உணவு ஒன்றைத் தின்றதாகக் காணப்பட்டு, சபையால் ஒதுக்கப்பட்டார் என்று லூசியனே சொல்கிறார். 165-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில், திரண்ட கூட்டத்தின் கண்ணெதிரே, தாமே மூட்டிய தீயில் விழுந்து அவர் மாண்டார்.

பணத்தை நாடும் வஞ்சகரைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. அற்புதத்தைக் கையில் எடுத்து வருபவரை என்ன செய்வது? இன்றைய பிரான்சு நாட்டின் ரோன் ஆற்றங்கரையில், லியோன் நகரின் பிஷப்பாக இருந்த ஐரேனியஸ், ஏறத்தாழ 180-ஆம் ஆண்டில், பொய்யான ஞானத்தை மறுத்து எழுதிய ஐந்து தொகுதி நூலின் முதல் தொகுதியில், மார்க்கூஸ் என்பவரின் வித்தைகளை மிக அருகிலிருந்து பார்த்ததுபோல் விவரிக்கிறார். திராட்சரசம் கலந்த கிண்ணங்களின் மேல் மார்க்கூஸ் நீண்ட ஜெபம் செய்வார்; ஜெபம் நீள நீள ரசத்தின் நிறம் செந்நிறமாக மாறும்; கிருபை என்னும் விண்ணக வல்லமை தன் இரத்தத்தை அதில் சொட்டியதாகச் சொல்லப்படும். பின்பு ஒரு பெண்ணின் கையில் சிறு கிண்ணத்தைக் கொடுத்து நன்றி செலுத்தச் செய்து, அதைவிடப் பெரிய கிண்ணம் ஒன்றில் அதை ஊற்றுவார்; சிறியதில் இருந்தது பெரியதை நிரப்பி வழியும். எந்தக் காலத்துக் கண்கட்டு வித்தைக்காரரும் அறிந்த வேலைதான். ஆனால் திருவிருந்தின் மேசையில் நடந்ததால் கண்டவர் நடுங்கினர்.

மார்க்கூஸ் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் ஐரேனியஸ் மறைக்கவில்லை. ஊதாக் கரையிட்ட ஆடை உடுத்தும் செல்வக் குடும்பத்துப் பெண்களையே அவர் பெரிதும் நாடினார். கிருபை உன்மேல் இறங்கியிருக்கிறது, வாயைத் திற, தீர்க்கதரிசனம் சொல் என்பார். நான் ஒருபோதும் தீர்க்கதரிசனம் சொன்னதில்லை, எனக்குத் தெரியாது என்று அவள் தயங்குவாள். அவர் மறுபடியும் ஜெபித்து, உன் வாய்க்கு வருவதைச் சொல், அதுவே தீர்க்கதரிசனம் என்பார். மனம் பொங்கி, நெஞ்சு படபடக்க, பொருளற்ற ஏதோ சில சொற்களை அவள் சொல்லிவிடுவாள். அந்தக் கணத்திலிருந்து அவள் தன்னைத் தீர்க்கதரிசியாக எண்ணிக்கொள்வாள். அந்த வரத்தைத் தந்தவருக்கு நன்றியாகத் தன் உடைமையையும், பல நேரங்களில் தன்னையும் கொடுத்துவிடுவாள். ஆசியாவில் ஓர் உதவிக்காரர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். உதவிக்காரரின் மனைவி அவர் பின்னால் போய்விட்டாள். சபையார் பெரும்பாடுபட்டு அவளைத் திருப்பிக் கொண்டுவந்தனர் என்றும், எஞ்சிய நாட்களை அவள் மனங்கசந்து அழுது கழித்தாள் என்றும் வரலாறு முடிகிறது.

இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது கிண்ணத்தின் நிறமா? அன்று, அந்த உரையாடல். தயக்கத்தை உடைக்கும் விதம், ஒருவரைத் தனியே தெரிந்தெடுத்து உயர்த்தும் விதம், உயர்த்தியவருக்கு அவரை என்றென்றைக்கும் கடன்பட்டவராக ஆக்கும் விதம். அந்தப் பெண்களில் சிலர் மார்க்கூஸின் கூட்டத்தை விட்டு எழுந்து வெளியேறினர் என்றும் ஐரேனியஸ் குறிப்பிடுகிறார். தீர்க்கதரிசனம் என்பது கட்டளையிட்டால் வருவதன்று, தேவன் கொடுக்கும்போது வருவது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் இறையியல் கற்றவர்கள் அல்லர். ஞானஸ்நானத்தின்போது கற்ற அடிப்படை விசுவாசம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த அடிப்படையைப் பற்றி ஐரேனியஸ் தரும் உவமை புகழ்பெற்றது. கைதேர்ந்த கலைஞர் ஒருவர் விலையுயர்ந்த கற்களைப் பதித்து ஓர் அரசனின் உருவத்தை அமைக்கிறார். வேறொருவர் அந்தக் கற்களைப் பெயர்த்து, அவற்றையே இடம் மாற்றிப் பதித்து நரியின் உருவத்தை ஆக்கி, அரசனின் அழகிய உருவம் இதுதான் என்று காட்டுகிறார். கற்கள் எல்லாம் அதே கற்கள். பொய்யான கல் ஒன்றுகூட இல்லை. அரசனின் முகத்தை ஒருபோதும் பார்த்திராதவர் நம்பிவிடுவார். வசனம் சரியாக இருக்கிறதே, வேதத்தில் இருப்பதைத்தானே சொல்கிறார் என்பவர்களுக்கு இந்த உவமை விடை. எந்த வசனம் என்பதோடு, அது எந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். பவுலே வந்து பேசியபோதும் அவர் சொன்னவை அப்படித்தானா என்று நாள்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரம் நற்குணசாலிகள் என்கிறது. அப்போஸ்தலருக்கே இந்தச் சோதனை என்றால், அதிலிருந்து விலக்குக் கேட்கும் போதகர் எவர்?

எல்லா வழக்குகளும் மார்க்கூஸின் வழக்கைப் போலத் தெளிவானவையா? இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இன்றைய துருக்கியின் உட்பகுதியாகிய பிரிகியாவில், மொந்தானுஸ் என்பவரும் பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்னும் இரு பெண்களும் புதிய தீர்க்கதரிசன இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். பெப்பூசா என்னும் சிற்றூரைப் புதிய எருசலேம் என்றனர். கடும் உபவாசமும் ஒழுக்கக் கட்டுப்பாடும் அவர்களிடம் இருந்தன. அவர்களை எதிர்த்த அப்பொல்லோனியஸ் என்பவரின் கேள்விகளைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் காத்து வைத்திருக்கிறார்: தீர்க்கதரிசி தலைமுடிக்குச் சாயம் பூசுவாரா? கண்ணுக்கு மை தீட்டுவாரா? சூதாட்டக் காய்களை உருட்டுவாரா? வட்டிக்குப் பணம் கொடுப்பாரா? காணிக்கை என்ற பெயரில் பணம் திரட்ட ஆட்களை நியமித்துப் பிரசங்கிகளுக்குச் சம்பளம் கொடுத்ததையும் அவர் குற்றமாகச் சொல்கிறார். தமக்குப் பின் தீர்க்கதரிசி இல்லை, முடிவுதான் வரும் என்றும், போர்கள் மூளும் என்றும் மாக்சிமில்லா சொல்லியிருந்தார். அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் போரும் இல்லை, குழப்பமும் இல்லை என்று பெயர் தெரியாத இன்னோர் எழுத்தாளர் கணக்குச் சொல்கிறார்.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் எதிரிகளின் எழுத்திலிருந்து வந்தவை என்பதை நேர்மையான வாசகர் நினைவில் வைத்தாக வேண்டும். சம்பளம் கொடுத்ததைக் குற்றம் என்றால், இன்று எந்தச் சபை தப்பும்? இலத்தீன் இறையியலின் தந்தை எனப்படும் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், ஏறத்தாழ 207-ஆம் ஆண்டளவில் இந்த இயக்கத்தின் பக்கம் சேர்ந்தார். அவரைப் போன்ற கூரிய அறிவாளியை வெறும் ஏமாற்று இழுத்திருக்காது. மொந்தானுஸின் கூட்டத்தாரைக் குறித்து அறிஞரின் தீர்ப்பு இன்றும் ஒன்றாக இல்லை. வஞ்சகத்தைவிட, சோதனைக்கு உட்பட மறுத்த மிதமிஞ்சிய உறுதியே அவர்களைக் கெடுத்தது என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது.

பழைய காலம் போகட்டும். இருபதாம் நூற்றாண்டில் இந்த அளவுகோல்கள் நிற்குமா? ஜிம் ஜோன்ஸ் என்பவர் 1950-களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு சபையைத் தொடங்கினார். வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே வழிபட்ட காலத்தில் அவருடைய சபையில் ஒரே வரிசையில் அமர்ந்தனர், பசித்தவருக்கு உணவளிக்கப்பட்டது, முதியோர் பராமரிக்கப்பட்டனர். பெயர்பெற்ற திருச்சபைப் பிரிவு ஒன்றே 1964-இல் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. கனிகளால் அறியுங்கள் என்று இயேசு தந்த அளவுகோலை அந்த ஆண்டில் மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் அவர் தேறியிருப்பார்.

பிந்திய கனிகள் வேறுவிதமாக இருந்தன. சுகமளிக்கும் கூட்டங்களில் கோழியின் உள்ளுறுப்புகளை நோயாளியின் உடலிலிருந்து வெளியேறிய புற்றுக் கட்டி என்று காட்டினார்கள். உறுப்பினர்கள் வீட்டையும் ஓய்வூதியத்தையும் சபைக்கு எழுதிக் கொடுத்தனர். ஜோன்ஸைத் தகப்பன் என்று அழைத்தனர். வேதாகமத்தையே பிழை மலிந்த நூல் என்று மேடையில் இகழும் நிலைக்கு அவர் வந்தார். விலகியவர்கள் துரோகிகள் எனப்பட்டனர். கேள்வி கேட்கும் பத்திரிகைகளுக்கும் உறவினருக்கும் எட்டாத தொலைவில், தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டில் குடியிருப்பு அமைக்கப்பட்டது. 1978 நவம்பர் 18 அன்று, நிலைமையை நேரில் பார்க்க வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று இரவுக்குள், பெரும்பாலும் நஞ்சால், இறந்தோர் மொத்தம் 918 பேர், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறார். விருந்தை யார் சாப்பிட்டார், பணத்தை யார் வாங்கினார், சொன்னதைத் தாம் செய்தாரா என்னும் திதாக்கேயின் கேள்விகளில் எதற்கு அவரிடம் விடை இருந்திருக்கும்? கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு மற்றவர்கள் செவிகொடுக்கவில்லை.

தமிழ்ச் சபைகளுக்கு இந்தப் பொருளில் ஒரு தனிப் பேறு உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, ஒன்பது ஆண்டுகளுக்குள், 1715-இல், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பிரசங்கியார் சொன்னது அப்படித்தானா என்று வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பார்க்கும் பெரோயா பட்டணத்தாரின் உரிமை, இந்திய மொழிகளிலேயே முதன்முதலாகத் தமிழர் கைக்கு வந்தது என்றால் மிகையன்று. அந்த உரிமை இன்று எந்த அளவுக்குப் பயன்படுகிறது? தொலைக்காட்சித் திரையின் அடியில் வங்கிக் கணக்கு எண் ஓடிக்கொண்டிருக்க, மேலே ஒருவர் கர்த்தர் இப்போது தம்மோடு பேசுவதாகச் சொல்லி, இந்த மாதத்துக்குள் பொருத்தனையைச் செலுத்துவோருக்கு ஆசீர்வாதம் என்கிறார். ஆவியில் பேசுகிறேன், எனக்குப் பணம் கொடுங்கள் என்பவரைப் பற்றித் திதாக்கே எழுதிய வரிக்கு ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆகின்றன, வரி பழசாகவில்லை. கணக்கு வழக்கைச் சபைக் கூட்டத்தில் ஆண்டுதோறும் படித்துக் காட்டும் எளிய ஊர்ச் சபை, தன்னை அறியாமலே அந்தப் பழைய நூலின் விதியைக் கடைப்பிடித்து வருகிறது.

பணத்தைப் பற்றிய பேச்சில் ரோமாபுரிச் சபையின் ஒரு செயலைச் சொல்லாமல் விட முடியாது. கருங்கடல் கரையில் சினோப்பே துறைமுகத்தைச் சேர்ந்த மார்சியன் என்னும் செல்வமிக்க கப்பல் உரிமையாளர், 140-ஆம் ஆண்டையொட்டி ரோமாபுரிக்கு வந்து சபையில் சேர்ந்து, 2,00,000 செஸ்டர்ஸ் நாணயங்களை நன்கொடையாகக் கொடுத்தார். ஒரு சாதாரணப் படைவீரனின் ஓராண்டுச் சம்பளம் அன்று 1,200 செஸ்டர்ஸ். பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று அவர் போதித்தார். லூக்கா சுவிசேஷத்தைத் தம் கொள்கைக்கு ஏற்பத் திருத்தி, அதோடு பவுலின் பத்து நிருபங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினார். அவர் எத்தர் அல்லர், காசு பறிக்க வந்தவரும் அல்லர், கொடுக்க வந்தவர். கொடுக்கும் போதகரை என்ன செய்வது என்பதற்குத் திதாக்கேயில் விதி இல்லை.

ரோமாபுரிச் சபை அவரை அழைத்து விசாரித்தது. 144-ஆம் ஆண்டில் விலக்கியது. அவர் கொடுத்த தொகை முழுவதையும் திருப்பிக் கொடுத்தது. அந்தச் சபைக்குப் பணத்தேவை இல்லாமலா? ஒரு நூற்றாண்டு கழித்து 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியோரையும் அதே சபை தாங்கிக்கொண்டிருந்ததாக அதன் பிஷப் கொர்னேலியுவின் கடிதம் சொல்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் மார்சியன் ஓய்ந்துவிடவும் இல்லை. பேரரசெங்கும் தமக்கெனச் சபைகளை நிறுவினார், அவை பல தலைமுறைகள் நீடித்தன. அவருடைய கொள்கைக்கு விரிவான மறுப்பு எழுத வேண்டியிருந்தது. அதை ஐந்து நூல்களாகத் தெர்த்துல்லியன் எழுதத் தொடங்கியபோது, பணம் திரும்பிப்போய் அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. எழுதியவரோ அதற்குள் மொந்தானுஸின் பக்கம் சாய்ந்திருந்தார்.